குடலைத் துப்பிவிட்டுப் பிழைக்கும் அட்டை

கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளைப் பக்கம் சங்கு குளித்துப் பழகிய பெரியவர்களிடம் கடல் அட்டையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அந்தக் காலத்து விலையைச் சொல்லி முடித்ததும் அதன் குணத்துக்கு வருவார்கள். மணலோடு மணலாகக் கிடக்கும் அட்டையைக் கையில் எடுத்து அமுக்கினால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சும். பிறகு உடம்பு கல் மாதிரி இறுகும். அப்போதும் விடாமல் பிடித்திருந்தால், பின்பக்கத் துவாரம் வழியாகக் குடல் வழிந்து வெளியே விழுந்துவிடும். உள்ளே மணல் அடைத்திருக்கும் நீளக் குடல் அது. சில நேரம் மூச்சுவிட உதவும் கிளைக்குழாயும் சேர்ந்தே வந்துவிடும். மிஞ்சுவது தோலும் தசையும் நரம்பும், இதுவரை குடலைத் தாங்கிப் பிடித்திருந்த மெல்லிய சவ்வும்தான்.

இனி பிழைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்து, மறுபடி மணலைத் தின்னத் தொடங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் சோதித்துப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். 2001 முதல் கடல் அட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காவல். தடையால் தொழில் போன குடும்பங்களின் குறை வேறு கதை. அதில் நியாயம் நிறையவே இருக்கிறது, இங்கே இடம்தான் இல்லை.

உயிர்மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஸ்டெம் செல் பாடத்தை நான் இந்த அட்டையிலிருந்துதான் தொடங்குவேன். கேட்பது ஒரே கேள்வி: புதுக் குடலுக்கான செல்கள் எங்கிருந்து வந்தன? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "ஸ்டெம் செல்லிலிருந்து சார்" என்பார்கள். மனித உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடலாம். அட்டைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

முதலில் நம் கதையைப் பார்ப்போம். வானம் பார்த்த பூமியான இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் விதைநெல்லின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அந்த மூட்டையில் கை வைக்க மாட்டார்கள். ஸ்டெம் செல் என்பது உடம்பு அப்படி ஒதுக்கி வைத்திருக்கும் விதைநெல். அது இரண்டாகப் பிரியும்போது ஒன்று அப்படியே விதையாக நின்றுகொள்ளலாம். மற்றது வேலைக்குப் போகும் செல்லாக மாறும். வேலைக்குப் போனது ரத்தச் சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ ஆகிவிட்டால் திரும்பி வராது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் கிழடாகிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது.

இப்படி ஒரு கையிருப்பு இருக்கிறது என்பதை 1961-இல் சோதனையாகக் காட்டியவர்கள் டொராண்டோவின் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக். ஒருவர் இயற்பியலாளர், மற்றவர் மருத்துவர். கதிர்வீச்சால் மஜ்ஜை செத்துப்போன எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜை செல்களை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் போல் கழித்து அறுத்துப் பார்த்தபோது மண்ணீரல்களில் சிறுசிறு முண்டுகள். ஏற்றிய செல்கள் கூடினால் முண்டுகளும் கூடின. ஒவ்வொரு முண்டும் ஒரே ஒரு செல்லின் வம்சம் என்பது இரண்டு ஆண்டு கழித்து உறுதியானது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். பெரிய கருவி எதுவும் இல்லை; முண்டை எண்ணத் தோன்றியதுதான் விஷயம்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றதும் எலும்பை வெட்டி ஒட்டுவார்கள் என்று நம்மூரில் பலர் நினைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு அது ரத்தம் ஏற்றுவது போல ஒரு பையிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இறங்குவதுதான். செல்கள் ரத்த ஓட்டத்தில் சுற்றி, எலும்புக்குள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே தேடிப் போய் அமர்ந்துகொள்கின்றன. கடினமானது அதற்கு முந்தைய வாரம், பழைய மஜ்ஜையை மருந்தால் அழிக்கும் கட்டம். வேலூர் சிஎம்சியில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. சிஎம்சி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தினர் அடுத்த படிக்கும் போய்விட்டார்கள். ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா ஏ கடுமையாக உள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறைய வேண்டிய எட்டாம் காரணிக்கான மரபணுவை, தீங்கு நீக்கிய வைரஸ் ஒன்றின் துணையால் அவற்றுக்குள் புகுத்தி, அவர்களுக்கே திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. கண்காணித்த காலம் வரை ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

இங்கே ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். மாசமாக இருக்கும் பெண்ணைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனால், தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வையுங்கள், பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்த நோய்க்கும் உதவும் என்று மடித்த தாளை நீட்டுகிறார்கள். பிள்ளைக்கு ரத்தப் புற்றோ பரம்பரை ரத்த நோயோ வந்தால் அந்தக் கோளாறு பெரும்பாலும் சேமித்த ரத்தத்திலும் இருக்கும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. சொந்த உபயோகத்துக்கு இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலை. ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லால் குணமாக்குகிறோம் என்று சோதனை முயற்சிக்கு வெளியே காசு வாங்குவதையும் அதன் 2017 வழிகாட்டுதல் ஏற்கவில்லை. மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் என்று ஊருக்கு ஊர் பலகை தொங்குவது அப்புறமும் நிற்கவில்லை.

சரி, அட்டைக்கு வருவோம்.

இந்தக் குடல் விஷயத்தைப் பல ஆண்டுகளாக நோண்டிக்கொண்டிருப்பவர் போர்ட்டோ ரீக்கோ பல்கலைக்கழகத்தின் ஹோசே கார்சியா-அர்ராராஸ். அவர் எடுத்துக்கொண்டது நம் வெள்ளை அட்டைக்கு உறவான, கரீபியன் கடல் இனம் ஒன்றை. குடல் அறுந்து போனதும் அதைத் தாங்கியிருந்த சவ்வின் ஓரம் மட்டும் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். நடப்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான். அங்குள்ள தசைச் செல்கள், சுருங்கி விரிய உதவும் தங்கள் இழைகளைச் நூல் நூற்கும் கதிர் போன்ற சிறு பொட்டலங்களாகச் சுருட்டி வெளியே தள்ளிவிடுகின்றன. நுண்ணோக்கியில் இந்தப் பொட்டலங்கள் தனியாகத் தெரியும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. இழைகளைத் துறந்த செல் இனி தசையில்லை. உருவம் எளிதாகி, பிரியத் தொடங்குகிறது. சவ்வின் ஓரம் தடித்து ஒரு கோல் போல ஆகிறது. தொண்டைப் பக்கமும் கழிவாய்ப் பக்கமும் மிஞ்சிய குடல் துண்டுகளிலிருந்து உள்வரிச் செல்கள் அந்தக் கோலுக்குள் குடைந்துகொண்டு வருகின்றன. இரு பக்கமும் சந்திக்கும்போது குழாய் முழுமையாகிறது.

அதாவது அட்டை விதைநெல்லை நம்பி இருக்கவில்லை. வெந்து சோறானதை மறுபடி நெல்லாக்குகிறது.

இழந்த உறுப்பை மறுபடி வளர்த்துக்கொள்வதற்கு மன்னார் வளைகுடாவில் இன்னொரு சாட்சியும் உண்டு. குருசடைத் தீவின் பெயரோடு சேர்த்தே விலங்கியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற பலனோகிளாசஸ் வகைப் புழு அது. அந்த வகையில் ஒன்றான டைகோடெரா ஃபிளாவா, தலையை வெட்டினால் மூளைக்கு ஈடான நரம்புத்தண்டு உட்பட தலையையே வளர்த்துக்கொள்ளும். முதுகெலும்பிகளுக்குக் கிட்டத்து உறவு என்று பாடப்புத்தகம் அதைக் கொண்டாடுகிறது. தலை முளைக்கும் கதைக்கு ஒரு வரிகூடத் தருவதில்லை.

வேலைக்குப் போன செல் திரும்ப முடியுமா என்ற கேள்வி மனிதர்களுக்கு நெடுங்காலம் அபத்தமாகவே தெரிந்தது. 1962-இல் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிந்த தவளை முட்டையில் வைத்து மறுபடி தலைப்பிரட்டைகளை உண்டாக்கினார். மரபணுக்கள் எதுவும் தொலைந்துபோவதில்லை, மூடி வைக்கப்படுகின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. திறக்கும் சாவியைக் கண்டுபிடிக்க 2006 வரை ஆயிற்று. கியோட்டோவில் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகஹாஷியும் 24 மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, எல்லாவற்றையும் எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தினார்கள். வேலை செய்தது. பிறகு ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் போதுமென்று நின்றவை நான்கு: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். அடுத்த ஆண்டே மனித செல்லிலும் நடந்தது. 2012-இல் கர்டனும் யமனாகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2014-இல் ஜப்பானில், இப்படிப் பின்னோக்கிப் போன தன் சொந்த செல்லிலிருந்து உருவாக்கிய விழித்திரைப் படலம் ஒரு மூதாட்டியின் கண்ணில் வைக்கப்பட்டது.

இந்தச் செல்களை வளர்ப்பது என்ன வேலை என்று ராமநாதபுரத்துப் பிள்ளைகள் கேட்டால் ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டாருக்குப் புரியும் என்பேன். தினமும் தீனி மாற்ற வேண்டும். பொங்கல், தீபாவளி, ரம்ஜான் எதுவும் கணக்கில்லை. 37 டிகிரிச் சூட்டில், 5 சதவீதக் கரியமில வாயுவில் தட்டுகள் இருக்கும். இளஞ்சிவப்புத் தீனித் திரவம் மஞ்சளாகத் தொடங்கினால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நுண்ணோக்கியில் நல்ல கூட்டம் ஓரம் வழித்துவிட்டது போல் தட்டையாகப் பளபளக்கும். நடுவில் எங்காவது செல்கள் நீண்டு, கலைந்து கிடந்தால் அவை கட்டுப்பாடு மீறி வேறு ஏதோவாக மாறத் தொடங்கிவிட்டவை. குழாய் முனையால் சுரண்டி எறிய வேண்டும். முனைவர் பட்டக் காலத்தில் பாதி இந்தக் களையெடுப்பில் போகும். மிச்சப் பாதி இப்போதெல்லாம் கணினியில் போகிறது, ஆகவே உயிரியல் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று வருகிறவர்களை நான் முதல் நாளே எச்சரித்துவிடுவேன். சொக்கிப் போகிற நாளும் வரும். இதயத் தசையாக மாற்றிய செல்கள் தட்டில் தாமாகவே துடிக்கத் தொடங்கும் நாளில் ஆய்வகமே நுண்ணோக்கி முன்னால் வரிசையில் நிற்கும்.

ஆனால் யமனாகாவின் அந்த நான்கு மரபணுக்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. சி-மிக் புற்றுநோயில் பேர்போன மரபணு. உயிருள்ள எலியின் உடம்பில் நான்கையும் ஓயாமல் இயக்கினால், செல்கள் கரு நிலை வரை பின்னோக்கி ஓடி, பல்வகைத் திசுக்கள் கலந்த கட்டிகளாகிவிடுகின்றன. 2016-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தார், விரைவில் மூப்படையும் எலிகளில் அவற்றை இடைவெளி விட்டு, கொஞ்ச நேரம் மட்டும் இயக்கிப் பார்த்தார்கள். கட்டி வரவில்லை, ஆயுளும் கூடியது.

அட்டையும் மிக் மரபணுவைப் பயன்படுத்துகிறது. நரம்பு வெட்டுப்பட்ட அட்டையில் அந்த மரபணுவை அடக்கினால் செல்கள் பழைய நிலைக்குத் திரும்புவது குறைந்துவிடுகிறது. ஆனால் அங்கே செல் கரு நிலை வரை போவதில்லை. தேவையான அளவுக்குப் பின்வாங்கி, நின்று, குடலாகவோ நரம்பாகவோ முன்னேறுகிறது. அட்டையும் நட்சத்திர மீனும் சேர்ந்த முட்தோலிகளில் புற்றுக்கட்டி பதிவானதும் மிக அபூர்வம். சீன, ஜப்பான் கடல்களில் வாழும் அட்டை இனம் ஒன்றின் மரபணுத் தொகுப்பு 2017-இல் வெளியானதிலிருந்து, செல் எந்தக் கட்டத்தில் எந்த மரபணுவைத் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று நாள் வாரியாகப் பார்க்க முடிகிறது. பாதி வழியில் நிற்கச் சொல்லும் கட்டளை எது என்பதைத்தான் அந்தப் பட்டியல்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.