பெர்ரி மஃபினுக்குள் பச்சை வளையம்: பூஞ்சணமா, சோடாவா?

ப்ளூபெர்ரி மஃபினைப் பிட்டதும் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால், பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று அப்படியே குப்பையில் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. சுட்ட அன்றே தெரிகிற பச்சை பூஞ்சணம் இல்லை. ப்ளூபெர்ரித் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால் சிவக்கும். சோடா போன்ற காரத்தன்மை பட்டால் நீலமாகி, பிறகு பச்சைக்குப் போகும். மாவில் ஆப்ப சோடா கூடிப்போனதன் அடையாளம் அது. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ரொம்பவே கூடியிருந்தால் நாக்கில் சோப்புச் சுவை தட்டும். பூஞ்சணம் வேறு: ஓரிரு நாள் கழித்து மேற்புறத்தில் பஞ்சாகப் படரும், மக்கல் வாடை அடிக்கும். அதைக் கிள்ளி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. முழு மஃபினையும் எறிய வேண்டியதுதான்.

நம் வீடுகளில் இந்தப் பச்சை வருவதற்கு வாய்ப்பு அதிகம் முட்டை சேர்க்காத மஃபினில்தான். முட்டைக்குப் பதில் தயிர், தயிருக்காக சோடா, நன்றாக உப்பட்டுமே என்று மேலும் ஒரு சிட்டிகை. ஒரு கப் (240 மி.லி.) தயிரின் புளிப்பை முறிக்க அரை தேக்கரண்டி சோடா போதும். அரை கப் என்றால் கால் தேக்கரண்டி. உப்பலுக்கு இன்னும் வேண்டுமென்றால் பேக்கிங் பவுடரைத்தான் நாட வேண்டும். தேக்கரண்டி என்பது 5 மி.லி. அளவு ஸ்பூன், தலைதட்டி எடுத்தது. டீ கலக்கும் ஸ்பூனில் குவித்து எடுப்பது கணக்கில் சேராது.

12 மஃபினுக்கு அளவு இது: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, சர்க்கரை 150 கிராம், முட்டை 2, பால் 150 மி.லி., வாசனையில்லாத எண்ணெய் 90 மி.லி., ப்ளூபெர்ரி 180 கிராம். முட்டை வேண்டாம் என்றால் அரை கப் தயிர், கால் தேக்கரண்டி சோடா, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. டப்பா திறந்து பல மாதம் ஆன பேக்கிங் பவுடராக இருந்தால் முதலில் அரை தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே பொங்கவில்லையென்றால் அதை வைத்துச் சுடுவது வீண்.

மாவுப் பொருள்களைச் சலித்து ஒரு பாத்திரத்தில், முட்டை, பால், எண்ணெய், சர்க்கரையை இன்னொன்றில். இரண்டையும் சேர்த்த பிறகு பீட்டரைத் தொடாதீர்கள். ஸ்பேச்சுலாவால் பத்துப் பன்னிரண்டு முறை அடியிலிருந்து மேலே மடித்துவிட்டால் போதும். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும், அவை வேகும்போது கரைந்துவிடும். கேக்குக்கு வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துப் பழகிய கை இங்கேதான் தப்பு செய்யும். மைதாவை ஈரத்தோடு அடிக்க அடிக்க க்ளூட்டன் என்ற அதன் புரதம் இழுவையாகும். மஃபினின் தலை கூராக எழும்பும், உள்ளே நீளநீளமான பொந்துகள் விழும், கடித்தால் ரப்பர். பெர்ரியை மாவு முக்கால்வாசி கலந்த நிலையில் சேர்த்து, கடைசி மூன்று நான்கு மடிப்பில் முடித்துவிட வேண்டும்.

பழத்தை மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது என்பது பாதி உண்மைதான். தோலின் ஈரத்தை மைதா கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். பழத்தைத் தாங்குவது கலவையின் கெட்டிதான்: ஸ்பூனில் அள்ளிக் கவிழ்த்தால் பொத்தென்று விழ வேண்டும், வழியக் கூடாது. நிச்சயமான வழி ஒன்று உண்டு. பெர்ரி கலக்காத மாவை ஒவ்வொரு பேப்பர் கப்பிலும் ஒரு தேக்கரண்டி அடியில் விட்டு, அதன்மேல் பெர்ரி கலந்ததை ஊற்றுங்கள். பழம் பேப்பரில் ஒட்டிக் கிழிவதும் இதனால் குறையும். கப் முக்கால் அளவு நிறைந்தால் போதும்.

ஸ்ட்ராபெர்ரிக்குக் கணக்கு வேறு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், காப்பதற்குக் கெட்டித் தோலும் கிடையாது. ஒரு செ.மீ. துண்டாக நறுக்கி, டிஷ்யூவில் ஒற்றி, பாலில் 30 மி.லி. குறைத்துவிடுங்கள். சுட்டால் நிறம் வெளுக்கும்; அது அதன் இயல்பு.

உறைந்த பெர்ரியை உருகவிடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராகக் கலவையில் போடுங்கள். உருகினால் சாறு கசிந்து மாவே சாம்பல் ஊதாவாகும். குளிர்ந்த பழம் சூட்டை இழுப்பதால் வேகும் நேரம் நான்கைந்து நிமிடம் கூடும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது. 2012-இல் ஜெர்மனியில் பள்ளி உணவில் வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரியால் 10,000-க்கும் மேற்பட்டோர் நோரோவைரஸால் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். மஃபினுக்குள் வெந்த பழத்தில் அந்தப் பயம் இல்லை, நடுப்பகுதி 96 டிகிரியைத் தொட்டுவிடும். ஆபத்து, சுட்ட மஃபினின்மேல் அழகுக்காக உறைந்த பெர்ரியை உருக்கி அப்படியே வைப்பதில்தான். மேலே வைக்க வேண்டுமென்றால் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் வேகாத மாவைக் குழந்தைகளுக்கு வழித்துக் கொடுப்பதும் வேண்டாம். முட்டை சேர்க்காவிட்டாலும், மைதாவும் வேகாத பொருள்தான்.

ஓடிஜி என்கிற மின் அடுப்பை மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து 200 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கிவிட்டு நடுத் தட்டில் வையுங்கள். 20 முதல் 24 நிமிடம். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் 180 போதும். சிறிய ஓடிஜியில் ஆறு குழித் தட்டுதான் கொள்ளும் என்றால் மாவையும் ஈரக் கலவையையும் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டாம் பாதியை அடுப்பு காலியாகும்போது கலக்குங்கள். தயிர், சோடா சேர்ந்த கலவையைக் காத்திருக்க வைத்தால் வாயு போய்த் தட்டையாகும். குச்சி குத்தும்போது பழத்தில் பட்டு ஊதா ஈரத்தோடு வரலாம், இன்னொரு இடத்தில் குத்திப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் தட்டிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் ஆறவிடுங்கள். தட்டிலேயே விட்டால் அடி நசநசக்கும். சூடாக டப்பாவில் மூடினால் நீராவி மூடியில் வியர்த்துச் சொட்டும். நம் ஊர் வெக்கையில் வெளியே ஒரு நாள் வைக்கலாம். பழ ஈரம் இருப்பதால் அதற்குமேல் நம்ப முடியாது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஆனால் வறண்டுபோகும். ஃப்ரீசரில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வைத்தால் இரண்டு மாதம் வரும். வேண்டும்போது 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுடவையுங்கள். பழம் இருக்கிறதே என்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தாராளமாகக் கொடுப்பதும் கூடாது. மேலே சொன்ன அளவில் ஒவ்வொரு மஃபினிலும் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது, மைதா தனி.