மேலே வந்தபின் கீழே போக முடியாத மீன்

அலாஸ்காவின் சிட்கா கடற்கரையில் வழிகாட்டியோடு படகில் சென்று தூண்டில் போடும் காணொலி ஒன்றைப் பார்த்த வாசகர், வேண்டாத மீனை அப்படியே கடலில் விடாமல் ஈயக்குண்டோடு சேர்த்து ஆழத்துக்கு அனுப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறார். சினூக் சால்மனையும் ஹாலிபட்டையும் அப்படியே விடலாம். ஆனால் செம்மஞ்சள் நிறமுள்ள மஞ்சள்கண் பாறைமீனை விட்டால், அது பெரும்பாலும் கீழே போக முடியாமல் மிதந்து கழுகுக்கு இரையாகும்.

காரணம், நீரில் மிதக்க உதவும் அதன் காற்றுப்பை. சால்மனின் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு வழி உண்டு. ஏப்பம் விடுவதுபோல் காற்றை வெளியேற்றிவிடும். வளர்ந்த ஹாலிபட்டுக்குக் காற்றுப்பையே கிடையாது. பாறைமீனுக்குப் பை உண்டு, வாசல் இல்லை. 90 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 10 மடங்கு என்பதால், அங்கிருந்து இழுக்கப்படும் மீனுக்குள் இருக்கும் வாயு, பாயில் விதிப்படி, 10 மடங்காக விரியப் பார்க்கும்.

வாசலே இல்லாத பைக்குள் வாயு எப்படிப் போனது என்பதுதான் எனக்கு அலுக்காத கேள்வி. பையின் சுவரிலுள்ள வாயுச் சுரப்பி லாக்டிக் அமிலத்தை இரத்தத்தில் கலக்கிறது. அமிலம் பட்டதும் மீனின் ஹீமோகுளோபின் தான் பிடித்துவைத்திருந்த ஆக்சிஜனைக் கைவிடுகிறது. அது மட்டும் போதாது. சுரப்பிக்குள் வரும் தந்துகிகளும் வெளியேறும் தந்துகிகளும் ஆயிரக்கணக்கில் நெருங்கி, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. உடற்கூற்றியலார் இதற்கு ‘வியத்தகு வலை’ என்றே பெயரிட்டார்கள். வெளியேறும் இரத்தத்தில் மிஞ்சிய வாயு, வீட்டை விட்டுப் போகுமுன்பே பக்கத்துக் குழாயில் உள்ளே வரும் இரத்தத்துக்குத் தாவிவிடுகிறது. ஒரு சுற்றில் கிடைப்பது சொற்பம்தான். ஆனால் அது வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்து, சுற்றிலுமுள்ள நீரின் அழுத்தத்தையே எதிர்த்து நிற்கும் அளவுக்கு வளர்கிறது. இப்படி மெல்லச் சேர்த்ததை மெல்லத்தான் உறிஞ்சிக்கொள்ள முடியும். தூண்டில் இழுக்கும் சில நிமிடங்களில் முடியாது. பை கிழிகிறது, கண் பிதுங்குகிறது, இரைப்பை புரண்டு வாய்வழியே இளஞ்சிவப்புப் பலூன்போல் எட்டிப் பார்க்கிறது. அதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்தி உடைப்பவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டை போடுவது மீனின் இரைப்பையில்.

அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் நடந்த, 2011இல் வெளியான ஆய்வில், மேற்பரப்பில் விடப்பட்ட மஞ்சள்கண்களில் ஏறக்குறைய 22 விழுக்காடும், ஆழத்தில் விடப்பட்டவற்றில் ஏறக்குறைய 98 விழுக்காடும் பிழைத்ததாகக் கணக்கிட்டார்கள். அடையாளமிட்ட மீன்களை விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கக் காத்திருக்கும் இத்தகைய ஆய்வுகளுக்குப் பொறுமையும் பணமும் வேண்டும். உடனடிப் பலனைக் கேட்கும் நிதிக்குழுக்கள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. செவிக்கல்லின் வளையங்களை எண்ணினால் 100 வயதைத் தாண்டும் மீன் இது. ஒன்றை இழந்தால் அந்த இடம் விரைவில் நிரம்பாது.

2020 முதல் அலாஸ்காவில் கடலில் தூண்டில் போடும் படகுகளில் ஆழத்தில் விடும் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைத் தலைகீழாகக் கனத்த ஈயக்குண்டில் பிணைத்து, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி இறக்குகிறார்கள். 30 மீட்டர் போனதும் அழுத்தம் 4 மடங்காகி, மீனுக்குள் எஞ்சிய வாயு மேலே இருந்ததில் கால்பங்காகச் சுருங்கிவிடும். படகிலுள்ள வழிகாட்டி தூண்டில் நூலை ஒருமுறை வெடுக்கென்று இழுக்க, முள் தாடையிலிருந்து கழன்று குண்டோடு மேலே வருகிறது.