புகையிலை விஷயத்துக்கு எந்த அதிகாரியிடம் போவது? மலையகத்தாருக்கு ஒரு விளக்கம்

"தம்பி, பள்ளிக்கூடம் போற பையனுக்கு அந்தக் கடையில சிகரட் குடுக்குறாங்க. இத யாருகிட்ட போயி சொல்றது? பொலிசுக்கா, தோட்டத்து ஆபீசுக்கா?"

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. அன்று வழியில் நின்று இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. அதே கேள்வி பல பேருக்கு இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்குப் போய் "புகையிலைக்குப் பொறுப்பான ஐயா யார்?" என்று கேட்டால் தனியாக ஒருவரைக் காட்டமாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு முகாமையாளர், கொள்கைக்கு ஒருவர், பிரசாரத்துக்கு ஒருவர், பழக்கத்தை விட உதவுவதற்கு ஒருவர், கணிப்பீட்டுக்கும் நிதிக்கும் ஆட்கள் என்று தனி ஆளணி வேண்டும் என அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் பரிந்துரைக்கின்றன. நம் ஊரில் இந்த வேலைகள் ஏற்கெனவே வேறு பத்து வேலை பார்க்கும் உத்தியோகத்தர்களிடம் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே எதற்கு யார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா கேட்டதற்கு வருவோம். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருளோ மதுசாரமோ விற்கக் கூடாது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று பிள்ளை சொன்னாலும் கொடுக்கக் கூடாது. நீதவான் முன் குற்றம் நிரூபணமானால் 50,000 ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை உருவானதும் இதே சட்டத்தால்தான். அந்தச் சபை கொள்கையைப் பார்க்கிறது. ஊருக்குள் வந்து சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பொது சுகாதார பரிசோதகர், பொலிஸ், கலால் உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு உண்டு.

இவர்களில் தோட்டத்துக்கு நெருக்கமானவர் பொது சுகாதார பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. ஐயா என்கிறவர். பள்ளிக்கூடத்துக்கும் வருவார், கடைகளையும் பார்ப்பார். அவரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். எந்தக் கடை, எந்த நேரம், எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று தமிழிலேயே எழுதலாம். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து கையொப்பமிட்டால் இன்னும் நல்லது. டெங்கு, உணவுக் கடை, குடிநீர், பாடசாலைப் பரிசோதனை என்று அவர் தலையில் ஏகப்பட்ட வேலை இருக்கிறது. கடதாசியில் இருக்கும் முறைப்பாடு அவ்வளவு சீக்கிரம் மறந்துபோகாது. கடை தோட்டக் கம்பனியின் காணியில் இருந்தாலும் சட்டம் அங்கேயும் செல்லும். துரையிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை.

சிகரட்டைவிட எனக்குப் பெரிய கவலை வெற்றிலைப் பைதான். பெரியம்மாவின் மடியில் எப்போதும் ஒன்று இருக்கும். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும்போது ஒரு துண்டுப் பொயிலையைக் கன்னத்தில் ஒதுக்கினால் மத்தியானம் வரை அது அங்கேயே கிடக்கும். குளிருக்கு, பசிக்கு, மலை ஏறும் அலுப்புக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்பார். பல்வலிக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பல் வைத்தியர் கன்னத்தின் உட்பக்கம் லைட் அடித்துப் பார்த்து, தேய்த்தாலும் போகாத ஒரு வெள்ளைத் தடிப்பைக் காட்டினார். வலியே இல்லாததால் அது இருப்பதே பெரியம்மாவுக்குத் தெரியாது. மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னார். இரண்டுதான் போனது.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கும் வருகிறது. பொயிலையை விட்டுவிட்டு வெறும் வெற்றிலை பாக்கு போட்டால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை கலந்த மெல்லும் கலவைகளைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் விற்கவும் 2016 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. அப்படிப்பட்ட பொட்டலங்கள் கடையில் தொங்கினால் அதையும் பி.எச்.ஐ.யிடம் சொல்லலாம்.

வாயில் வெள்ளை, சிவப்புத் தடிப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போங்கள். காசு கட்டத் தேவையில்லை. தேவையென்றால் பேராதனை பல் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் பக்கத்தில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்கும் போகலாம். பிரஷர், சீனி பார்க்கும்போது புகையிலைப் பழக்கத்தையும் கேட்டு ஆலோசனை சொல்வார்கள்.

கர்ப்பிணி வீட்டில் இருந்தால் மிட்வைஃப் அம்மாவிடம் எதையும் மறைக்க வேண்டாம். வெற்றிலை போடுகிறேன் என்று சொன்னால் ஏசுவார் என்ற பயத்தில் பல பிள்ளைகள் "இல்லை" என்றுவிடுகிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் எடைக்காகத்தான் அவர் கேட்கிறார். தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளரும் நலன்புரி உத்தியோகத்தரும் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவர்கள் அல்லர். ஆனால் பல் கிளினிக் நாளையும் போகும் வழியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

விட நினைக்கிறவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய அதிகார சபை நடத்தும் ஆலோசனைச் சேவை அது. தமிழிலும் பேசலாம்.

தோட்டங்கள் நிறைந்த ஒவ்வொரு சுகாதாரப் பிரிவுக்கும் இந்த ஒரு வேலைக்கென்றே தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும் என்பதை நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதுவரை மேலே சொன்னவர்களைத் தேடிப் போவோம். பெரியம்மாவுக்கு அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. கிளினிக் துண்டை வெற்றிலைப் பைக்குள்தான் வைத்திருக்கிறார். பைக்குள் இப்போது வேறு ஒன்றும் இல்லை.