ஓடுகிற டேட்டாபேஸை ஏன் தொட வேண்டும்?

பெரிய நிறுவனங்களில் புது டேட்டாபேஸ் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் பதில்: "நல்லா ஓடிக்கிட்டிருக்கு, அதை எதுக்கு நோண்டணும்?" டேட்டாபேஸ் நிர்வாகியாகச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேலைகள் பலவற்றைப் பார்த்த பிறகு, அந்தப் பதிலில் பாதி நியாயம் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி ஆபத்தானது.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தை ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றுக்கு மாற்றிப் பார்க்கும் சோதனை. டேபிளுக்கு டேபிள் பதிவுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் சோதனைக்கு அச்சிட்ட பாலிசிக் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. முகவரி இருக்கிறது, பிரீமியம் இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் ஒட்டி முழுப்பெயர் ஆக்கும் நிரலின் ஒரு வரிதான் காரணம். ஒட்டப்படும் துண்டுகளில் ஒன்று 'நல்', அதாவது மதிப்பே இல்லாதது என்றால், ஆரக்கிள் அதை விட்டுவிட்டு மற்றதை ஒட்டும். போஸ்ட்கிரெஸில் ஒரு துண்டு நல் என்றால் மொத்தமும் நல். நம் ஊரில் நடுப்பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது?

திருத்துவது எளிது. ஆனால் அதே மாதிரி வரி நூற்றுக்கணக்கான புரொசீஜர்களில், அதாவது டேட்டாபேஸுக்குள் எழுதிவைத்த சிறு நிரல்களில், கிடந்தது. எழுதியவர்கள் என்றோ வேலையை விட்டுப் போயிருந்தார்கள். பெயர் விடுபட்டால் கண்ணில் படும். கமிஷன் கணக்கில் ஒரு தொகை விடுபட்டால்? நிதித்துறைத் தலைவர் அன்று கேட்ட இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் தயங்கியது சரிதான்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில், சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. டேட்டாபேஸ் மட்டுமல்ல, வங்கியின் மொத்த அமைப்பும் மாறியது. தரவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தளம்தான் தாங்கவில்லை. சேவை முழுமையாகச் சீராக டிசம்பர் ஆயிற்று. 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

புதிய மென்பொருள் என்றால் அதை விற்கும் நிறுவனம் நிலைக்குமா என்ற கவலையும் உண்டு. ஃபவுண்டேஷன்டிபி என்ற டேட்டாபேஸை உருவாக்கிய நிறுவனத்தை 2015 மார்ச்சில் ஆப்பிள் வாங்கியதும் பதிவிறக்கமே நிறுத்தப்பட்டது. திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, மீண்டும் வெளிவந்தது 2018-இல். அதை நம்பிக் கட்டியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் போடும் முன் சட்டப்பிரிவு நூறு கேள்வி கேட்பதை இனிமேல் தயவுசெய்து முட்டுக்கட்டை என்று சொல்லாதீர்கள்.

இனி ஆபத்தான பாதி. "தொடாதே" என்று சொல்லும் அதே இடங்களில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய பதிப்பான 5.7 இன்றும் ஓடுவதைப் பார்க்கிறேன். அதற்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இனி அதில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தாலும், அதை உருவாக்கியவர்களிடமிருந்து வழக்கமான திருத்தம் வராது. வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் மருத்துவ விவரமும் அதற்குள்தான் இருக்கின்றன. வெளியில் ஒன்றும் தெரியாததால் இந்த ஆபத்து யாரையும் உறுத்துவதில்லை. எனக்கு உறுத்துகிறது.

அமேசானின் நுகர்வோர் பிரிவு ஏறக்குறைய 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களிலிருந்து 75 பெட்டாபைட் தரவை மாற்றி, கடைசி டேட்டாபேஸை 2019-இல் மூடியது. டேட்டாபேஸ் சேவையை விற்கிற நிறுவனத்துக்கே பல ஆண்டுகள் பிடித்தன. ஆரக்கிளோடு இறுகப் பிணைந்த சில வெளி மென்பொருள்களை அவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் பிறகு நாங்கள் கேட்டது ஒரே ஒரு அறிக்கையை, ஏஜெண்ட் கமிஷன் அறிக்கையை. பழையதிலும் புதியதிலும் சேர்த்தே ஓட்டி, மூன்று மாதக் கடைசிகளில் பைசா வரை ஒப்பிட்டோம். முதல் மாதம் தொகை உதைத்தது. ஆரக்கிளின் தேதி வகைக்குள் மணியும் நிமிடமும் உண்டு. போஸ்ட்கிரெஸின் தேதி வகையில் அவை இல்லை. மாதக் கடைசி நாளின் பாலிசிகள் அதில்தான் சிக்கியிருந்தன. மூன்றாவது மாதம் இரண்டு அறிக்கையும் ஒத்துப்போயின. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிதித்துறைத் தலைவரே கேட்டார்: "அடுத்து எதை எடுக்கலாம்?"