மாசிக்காய்: ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்

குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிற வீடுகளில் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு மாசிக்காயும் இருக்கும். சித்த மருத்துவம் பார்க்கிற என்னிடம் வரும் தாய்மார்களில் பெரும்பாலானவர்கள் இதை ஏதோ ஒரு மரத்தின் காய் என்றே நினைக்கிறார்கள். அது காயே இல்லை. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் மொட்டில் சில மில்லிமீட்டரே உள்ள குளவி முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். பொரித்து வரும் புழுவின் சுரப்பால் மரத்தின் திசு தாறுமாறாகப் பெருகி, புழுவைச் சுற்றியே ஓர் உருண்டை வளர்கிறது, அதற்கு வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான். மரம் பொதுவாக இதனால் செத்துப்போவதில்லை. (நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கற்கடகசிங்கியும் பூச்சி உண்டாக்கும் புடைப்புதான், அதில் குளவிக்குப் பதில் அசுவினி என்கிற செடிப்பேன்.)

ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் சின்ன அறை இருக்கும், சிலதில் செத்த பூச்சியே கிடக்கும். குளவி வெளியேறும் முன் பறித்தது கருநீலமாக, கனமாக இருக்கும், நாக்கில் வைத்தால் இழுத்துப் பிடிக்கும். வெளுத்து, லேசாக, ஓட்டையோடு இருந்தால் குளவி போன பிறகு பறித்தது, துவர்ப்பு குறைவு. இரண்டும் கலந்திருந்தால் பொறுக்கி எடுங்கள், பொடியாக வாங்கவே வேண்டாம்.

அந்தத் துவர்ப்பு டானின். நல்ல மாசிக்காயில் பாதி எடைக்கு மேல் அதுதான். பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குக் கஷாயம் வைத்துக் கொப்பளிக்கலாம், சரி. ஆனால் அதே கஷாயத்தில் கொஞ்சம் அன்னபேதியைப் போட்டால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதியது இந்த மையில்தான். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வாரம் இருமுறை கொடுக்கச் சொல்லும் இரும்புச்சத்து சிரப்பை ஊற்றிவிட்டு, கையோடு மாசிக்காயையும் உரைத்துப் புகட்டினால், டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. "சிரப் ஒழுங்காத்தான் குடுக்குறோம் டாக்டர், ரத்தம் ஏறவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடம், உரைமருந்து எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குறைந்தது 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், மாசிக்காய் வேண்டாம். நாக்கில் மாவு படிந்திருக்கிறது என்று இதைத் தேய்த்துச் சுரண்டுவதும் வேண்டாம், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் வயிற்றுப்போக்கு: மாசிக்காய் உரைத்துக் கொடுத்தாயிற்று என்று ஓஆர்எஸ் கரைசலை விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது இதில்தான். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் உரைகல்லைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.