கொத்துச் சத்தத்துக்கும் கைக்கும் நடுவில்

இரவு எட்டரைக்கு மேல் மதுரையில் எந்தச் சாலையில் போனாலும் அந்தத் தாளம் காதில் விழும். சூடான கல்லின் மேல் இரும்பு பரோட்டாவைக் கொத்துகிற சத்தம். வீட்டில் சாப்பிட்டு முடித்து, மாத்திரை வாங்கத்தான் கிளம்பியிருப்பேன். வயிற்றில் துளி இடமில்லை. ஆனால் சத்தம் கேட்ட சில நொடிகளில் வாயில் எச்சில் ஊறும், சால்னா வாசம் நினைவுக்கு வரும், வண்டி ஓரங்கட்டி நிற்கும். "நிறுத்தலாம்" என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்று யோசித்தால், அப்படி ஒரு கணமே நினைவில் இருக்காது.

அந்தச் சில நொடிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை மதுரைக்காரர் ஒருவர் செய்யுளில் பிரித்து வைத்திருக்கிறார். மணிமேகலையை எழுதிய சீத்தலைச் சாத்தனாரைக் கூலவாணிகன் சாத்தன், அதாவது தானிய வியாபாரி, என்கிறது அந்நூலின் பதிகம். மதுரைக் கூலவாணிகன் என்றே மரபு அவரை அழைக்கிறது. கதையின் முடிவில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத்தின் பன்னிரண்டு சார்புகளை விளக்குகிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழும் சங்கிலி இது.

நடுவில் உள்ள ஐந்து கண்ணிகளை மட்டும் பரோட்டாக் கடைக்குக் கொண்டுவருவோம். காது ஒரு வாயில். சத்தம் அதில் வந்து படுவது ஊறு. "நல்லாயிருக்கு" என்று உடம்பு உணர்வது நுகர்வு. "வேணும்" என்று எழுவது வேட்கை. வண்டி ஓரங்கட்டுவது பற்று. வேட்கைக்குச் சாத்தனார் தரும் விளக்கம் "விரும்பி நுகர்ச்சி ஆராமை". விரும்பி நுகர்ந்தும் போதாமல் நிற்பது. பற்றுக்கு அவர் சொல்வது "பசைஇய அறிவே". ஒட்டிக்கொண்டுவிட்ட அறிவு. கைபேசியை விட முடியாமல் இரவு ஒரு மணி வரை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

நுகர்வும் வேட்கையும் இங்கே இரண்டு தனிக் கண்ணிகள். நாம் சாதாரணமாக இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம். பிடித்திருக்கிறது, அதனால் வேண்டும் என்கிறோம். இவை மூளையில் வெவ்வேறு வேலைகள் என்பதை நரம்பியல் அண்மையில்தான் பிரித்துப் பார்த்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளை ஆராய்ந்தார். அவற்றின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் ஏறத்தாழ இல்லாமல் ஆக்கப்பட்டிருந்தது. உணவை முன்னால் வைத்தாலும் எலிகள் தாமாக எடுத்துத் தின்னவில்லை. ஆனால் சர்க்கரை நீரை நாக்கில் விட்டால் வழக்கம்போலவே ருசித்து நக்கின. ருசி அப்படியே இருந்தது, வேண்டும் என்ற உந்துதல்தான் போய்விட்டது. டோபமின் இன்பத்தின் திரவம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் வேட்கையின் திரவம் என்றால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

1990-களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இன்னொரு பாதி. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோபமின் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, அதே செல்கள் விளக்குக்கே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. நம் ஊரில் அந்த விளக்குதான் கொத்துச் சத்தம். பரோட்டா இலைக்கு வருவதற்கு வெகு முன்பே மூளை தன் வேலையை முடித்துவிடுகிறது.

சாத்தனார் நரம்பியல் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு துறைகளுக்கும் மரியாதை இல்லை. பௌத்தர்கள் மனத்தை உள்ளிருந்து பார்த்தார்கள், ஆய்வகம் வெளியிலிருந்து பார்த்தது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் ஒரு மூட்டு இருக்கிறது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். தியானம் அந்த மூட்டைக் கண்டுகொள்ளும் பயிற்சி.

விடுமுறை நாள் காலைகளில் கீழக்குயில்குடி மலையடிவாரத்துக்குப் போவேன். அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். மேலே செட்டிப்புடவு என்ற குகையில் அமர்ந்திருக்கும் உருவத்தைப் பார்த்து "புத்தர்" என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிலை. மதுரையைச் சுற்றிக் குன்றுகளில் உள்ள கற்படுக்கைகளும் சமண முனிவர்களுடையவை. பௌத்தம் இங்கே கல்லைவிடச் சொல்லில்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

அந்த மரத்தடியில் உட்கார்ந்து நான் செய்வது ஆனாபானசதி. உள்மூச்சு, வெளிமூச்சு, அவற்றில் கவனம் என்பது அந்தப் பாலிச் சொல்லின் பொருள். பிராணாயாமம் போல இதில் மூச்சைக் கட்டுப்படுத்துவதில்லை. நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று தெரிந்துகொள்கிறோம், குறுகியது என்றால் குறுகியது என்று. அவ்வளவே.

ஏன் மூச்சு? இதயமும் குடலும் நம் பேச்சைக் கேட்பதில்லை. கையும் காலும் நாம் சொன்னால்தான் அசையும். மூச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மறந்தால் தானாக ஓடும், நினைத்தால் நம் கைக்கு வரும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு ஒருமுறை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைந்து, விடும்போது தணியும். இளைஞர்களிடம் இது தெளிவாகத் தெரியும். மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியே போகும்போது இதயத்தின் கடிவாளத்தை இழுக்கிறது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் செல்கூட்டமும் மூளைத்தண்டில்தான் இருக்கிறது. 2017-இல் எலிகளில் நடந்த ஆய்வில், அந்தக் கூட்டத்திலிருந்து மூளையை உசுப்பும் பகுதிக்குச் செய்தி அனுப்பும் சுமார் 175 செல்களை மட்டும் நீக்கினார்கள். எலிகள் வழக்கத்தைவிட அமைதியாகிவிட்டன. படபடப்பில் மூச்சு வேகமாவது எல்லோருக்கும் தெரியும். மூச்சிலிருந்து படபடப்புக்கும் ஒரு பாதை உண்டு என்பதை அந்த ஆய்வு காட்டியது.

உட்கார்ந்து பத்து மூச்சு எண்ணுவதற்குள் மனம் எங்கோ போயிருக்கும். "எனக்கு மனசு நிக்க மாட்டேங்குது, தியானம் சரிப்படாது" என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். எனக்கு மிகவும் வருத்தமான இடம் இது. ஏனென்றால் அலைந்த மனத்தைக் கண்டுபிடிக்கும் அந்தக் கணம்தான் பயிற்சியே. 2012-இல் வெண்டி ஹாசன்காம்ப் குழுவினர், தியானம் பழகிய 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனம் அலைந்ததை உணரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அலையும்போது ஒரு வலைப்பின்னல், "அட, போய்விட்டேன்" என்று உணரும்போது வேறொன்று, மூச்சுக்குத் திரும்பும்போது மற்றொன்று என மூளையின் செயல்பாடு மாறி மாறி நடந்தது. நூறு முறை போய் நூறு முறை திரும்பியவர் நூறு தண்டால் எடுத்தவர் மாதிரி. பரோட்டாக் கடை முன் தேவைப்படுவதும் இதே திறமைதான். நடப்பதை, நடந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பது.

அம்மா நாற்பது வருடம் தரையில் சம்மணமிட்டு மல்லிகை கட்டியவர். இப்போது இரண்டு முழங்காலும் வலி. "ஏய்யா, மூச்சப் பாத்தா மூட்டு வலி போயிருமா?" என்றார். போகாதும்மா என்று சொல்லி, புத்தர் சொன்ன அம்புக் கதையைச் சொன்னேன். ஒருவன் மேல் ஓர் அம்பு பாய்கிறது. அது உடம்பின் வலி. உடனே "எனக்கு ஏன் இப்படி, இனி நடக்கவே முடியாதா" என்று இரண்டாவது அம்பை அவனே வாங்கிக்கொள்கிறான். பழகியவனுக்கு முதல் அம்பு மட்டும்தான்.

இரண்டு அம்புகளையும் ஆய்வகத்தில் தனித்தனியாக அளக்க முடிகிறது. 2011-இல் ஃபடெல் ஸைடான் குழு, 15 பேருக்கு நாளுக்கு 20 நிமிடம் வீதம் நான்கு நாள் தியானம் கற்றுக்கொடுத்து, கெண்டைக்காலில் 49 டிகிரி சூடு வைத்தது. தியானத்தின்போது வலியின் அளவு 40 சதவீதமும், வலியின் தொந்தரவு 57 சதவீதமும் குறைந்ததாகப் பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள். இரண்டாவது எண் பெரியது என்பதைக் கவனியுங்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் சில வாரங்கள் கழித்து அம்மா சொன்னது அதோடு ஒத்துப்போனது: "வலி அங்கனயேதான்யா இருக்கு. நாந்தான் அதுகூடவே கெடக்குறதில்ல." மாத்திரையையும் மருத்துவரையும் அவர் விடவில்லை, நான் விடச் சொல்லவும் இல்லை.

தியானத்தைப் பற்றி மிகையாகச் சொல்பவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை 2014-இல் ஒருசேர அலசியபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ மிஞ்சியதற்குச் சான்று இல்லை. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறும் என்று பரவிய செய்தி, 2022-இல் வந்த பெரிய ஆய்வில் நிற்கவில்லை. கடும் மனச்சோர்விலோ பழைய அதிர்ச்சியிலோ இருப்பவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்வது நிலையை மோசமாக்கவும் கூடும். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இப்போதும் கொத்துச் சத்தம் கேட்டால் எச்சில் ஊறத்தான் செய்கிறது. வண்டியை ஓட்டியபடியே அதைக் கவனிக்கிறேன். நாக்கின் அடியில் ஈரம், நெஞ்சில் ஒரு முன்னிழுப்பு, பிறகு ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பல நாட்களில் அடுத்த சிக்னல் வருவதற்குள் அது அடங்கிவிடுகிறது. அடங்காத நாட்களில் நிறுத்தி, கைபேசியை வெளியே எடுக்காமல், மெதுவாகச் சாப்பிடுகிறேன். முதல் நான்கைந்து வாய் வரை ருசி முழுதாக இருக்கிறது. அதற்குப் பிறகு நாக்கு களைத்தும் கை மட்டும் இலைக்குப் போய்வருகிறது. சாத்தனார் சொன்ன ஆராமை எந்த வாயில் தொடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.