மணி மார்க்கெட் ஃபண்டா, எஃப்டியா: வரி போக மிச்சம் எவ்வளவு?

ரிட்டர்ன் போடும் சீசனில் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "சார், எஃப்டி 7 பர்சென்ட் தர்றாங்க, மணி மார்க்கெட் ஃபண்டு ஆறரை வரும்ன்றாங்க. எதுல போடலாம்?" மணி மார்க்கெட் ஃபண்டு என்பது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் மியூச்சுவல் ஃபண்டு. அவர்கள் சொல்லும் இரண்டு விகிதமுமே வரிக்கு முந்தைய கணக்கு. வயது, மொத்த வருமானம், பழைய வரிமுறையா புதியதா என்பதெல்லாம் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்று வருடம் வைத்திருந்தால் ஃபண்டுக்கு வரி குறையும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய மணி மார்க்கெட் ஃபண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் ஸ்லாப்படிதான் (வருமான அளவுக்கு ஏற்ற வரி விகிதம்) வரி.

காட்பாடியில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பழைய முறை, 20 சதவீத ஸ்லாப், கையில் 7 லட்சம். 7 சதவீத எஃப்டியில் வருடத்துக்கு 49,000 ரூபாய் வட்டி. பழைய முறையில் 60 வயதானவர்களுக்கு டெபாசிட் வட்டியில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வேறு டெபாசிட் இல்லையென்றால் 49,000-மும் அப்படியே அவருக்கு. ஃபண்டு லாபத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. அதே 49,000 ஃபண்டில் வந்து, அதை எடுத்தால், செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 20.8 சதவீதம், அதாவது 10,192 ரூபாய் வரி, மிச்சம் 38,808. எஃப்டிக்கு ஈடுகட்ட ஃபண்டு 8.84 சதவீதம் தர வேண்டும். இவருக்கு எஃப்டிதான் சரி என்று தயங்காமல் சொல்வேன்.

புதிய முறையில், 2025-26 நிதியாண்டு முதல், சம்பளம், பென்ஷன், வட்டி எல்லாம் சேர்ந்து 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரியே வராது. அவர் வட்டி விகிதத்தை நேராக ஒப்பிட்டாலே போதும்.

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் யூனிட் நடத்துகிறவரின் கதை வேறு. 30 சதவீத ஸ்லாப். சொந்தப் பணம் 10 லட்சம். எஃப்டியில் 7 சதவீதம் என்றால், வட்டியைக் கையில் வாங்காவிட்டாலும் அந்த வருடமே 70,000 ரூபாய்க்கும் வரி. ஃபண்டில் எடுத்தால்தான் வரி, அதுவும் எடுத்த தொகையில் உள்ள லாபத்துக்கு மட்டும். 10 லட்சம் 10,65,000 ஆனபின் 1 லட்சம் எடுத்தால், அதில் லாபம் சுமார் 6,100 ரூபாய்தான். வரி 1,900 சொச்சம். மீதிப் பணத்தின் லாபத்துக்கான வரி தள்ளிப்போகிறதே தவிர, தள்ளுபடி ஆகவில்லை. வருடக் கடைசியில் முழுவதையும் எடுத்துவிடுவார் என்றால், 7 தரும் எஃப்டிதான் ஆறரையை ஜெயிக்கும். தோல் வாங்கவோ கூலி கொடுக்கவோ அவ்வப்போது பணம் தேவைப்படுகிறவருக்கு ஃபண்டு பொருந்தும். எஃப்டியைப் பாதியில் உடைத்தால் வட்டியைக் குறைத்துவிடுவார்கள்.

"பேங்க்லயே 10 பர்சென்ட் புடிச்சிட்டாங்களே" என்று வட்டியை ரிட்டர்னில் காட்டாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். வங்கி முன்கூட்டியே பிடிக்கும் இந்த வரி, அதாவது டிடிஎஸ், முன்பணம் மாதிரிதான். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவர் மீதி வரியைக் கட்டியே ஆக வேண்டும். ஏஐஎஸ்-ஸில் (உங்கள் வருமான விவரங்களைத் தொகுத்துக் காட்டும் அறிக்கை) அந்த வட்டி வருமானவரித் துறைக்குத் தெரியும்.

ஃபண்டின் தகவல் தாளான ஃபேக்ட்ஷீட்டில் போட்டிருக்கும் ஒய்டிஎம்மை (பத்திரங்களை முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் வருமான விகிதம்) அப்படியே வருமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிலிருந்து ஃபண்டின் செலவு விகிதம் கழியும்; ஏஜென்ட் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானில் கமிஷனும் சேர்வதால், நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானைவிடக் கூடுதலாகவே கழியும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு, ஃபண்டுக்கு இல்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய ஃபண்டு யூனிட் இருந்தால் அதை மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள்: 24 மாதம் தாண்டியிருந்தால் அந்த லாபத்துக்கு ஸ்லாப் வராது, 12.5 சதவீதமும் செஸ்ஸும்தான்.